பொனிப்பாஸின் உள்ளங்கை

கடலுக்குள் இறங்கினால் முதலில் சாவது சிவப்பு.

மூன்று பாகம் ஆழத்திலேயே அதன் ஜோலி முடிந்துவிடும். பாகம் என்றால் ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம். தூத்துக்குடியில் கடலை அப்படித்தான் அளப்பார்கள். சிவப்புக்குப் பிறகு ஆரஞ்சு போகும், அதற்கடுத்து மஞ்சள். பத்துப் பாகம் போய்விட்டால் மிச்சம் பச்சையும் நீலமும்தான். பாறையில் கையைக் கிழித்துக்கொண்டால் ரத்தம்கூடப் பச்சையாகக் கசியும். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் கதை விடுகிறோம் என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன.

டெல்பினுக்கு இந்தச் சிவப்போடு பதினைந்து வருஷ மல்லுக்கட்டு. கடலடியில் படம் எடுப்பது அவள் தொழில். கஷ்டப்பட்டு எடுத்து மேலே கொண்டுவந்து பார்த்தால் அத்தனை படமும் பச்சைச் சாயத்தில் முக்கியெடுத்ததுபோல இருக்கும். விளக்கு அடித்துப் பார்த்தாள். வெளிச்சம் நாலு முழத்தைத் தாண்டாது, நடுவில் மிதக்கிற தூசியெல்லாம் வேறு மினுங்கித் தொலைக்கும். சிவப்புக் கண்ணாடியை லென்ஸில் மாட்டிப் பார்த்தாள். மீனெல்லாம் குங்குமத்தில் புரண்டு எழுந்த கோலத்தில் வந்தன. கடைசியில் எல்லாரும் செய்கிற வழிதான் சரிப்பட்டது. கீழே போனதும் ஒரு வெள்ளைப் பலகையைக் கேமரா முன்னால் நீட்ட வேண்டும். ‘இதுதான் வெள்ளை, மற்றதையெல்லாம் இதை வைத்துச் சரிபண்ணிக்கொள்’ என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆழம் மாறினால் மறுபடி நீட்ட வேண்டும்.

பலகை பிடிக்கிற வேலை தம்பி பொனிப்பாஸுக்கு. வீட்டில் பொனி. அக்காவைவிட ஏழு வயது இளையவன். கடலுக்குள் மீனுக்கே வழி சொல்லுவான், ஆனால் கையில் கொடுத்த பொருள் கரை வந்து சேராது. ஒரே வருஷத்தில் பதினோரு பலகையைத் தொலைத்தான். பன்னிரண்டாவதும் கைநழுவிப் போன அன்றைக்கு, அக்கா தண்ணீருக்குள்ளேயே முறைப்பதைப் பார்த்துவிட்டு, விளையாட்டாகத் தன் உள்ளங்கையை விரித்து நீட்டினான். டெல்பினும் வந்த கோபத்தில் அந்தக் கையை வைத்தே கேமராவைச் சரிபண்ணினாள்.

அன்றைக்கு வந்த நிறம் அதற்குமுன் வந்ததே இல்லை. கிளிமீனின் நீலமும் கடல்விசிறியின் சிவப்பும் கரையில் வைத்து எடுத்ததுபோல அச்சாக நின்றன.

“பலகை அழுக்காகும், பாசி படியும், கீறல் விழும்” என்று அப்புறம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். “எந்தம்பி கை எப்பவும் எந்தம்பி கைதான்.”

அதற்கப்புறம் சென்னையிலிருந்து இளம்பரிதி வந்தான். சின்ன வயசு, வேகமான பேச்சு, சொந்தமாக ஒரு கம்பெனி. டெல்பினின் படங்களைப் பார்த்துவிட்டு, இதை ஒரு கருவியாக்கலாம் என்றான். கடலுக்கடியில் இருந்து நேரலையில் வரும் படத்துக்கு அந்த நொடியே நிறம் திருப்பித் தருகிற கருவி. மூன்று வருஷம் உழைத்து இரண்டு பேரும் செய்து முடித்தார்கள். ‘செம்மை’ என்று பெயர் வைத்தார்கள். இளம்பரிதிக்கு அது தண்ணீரின் ஆழம், வெளிச்சம், உப்பு எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வேலை செய்கிறது என்றுதான் தெரியும். அந்தக் கணக்கெல்லாம் உண்மைதான். ஆனால் கணக்கு உதைக்கும்போது கருவி எதை நம்ப வேண்டும் என்று ஒரு விதி எழுத வேண்டியிருந்தது. அந்த விதியை டெல்பின் எழுதினாள். பொனியின் தோல் எங்கே தென்பட்டாலும் அதுதான் சரியான நிறம்; அது சரியாகத் தெரியும்வரை மற்ற எல்லாவற்றையும் மாற்று. வேறு ஆள் இறங்கினால் அவன் கையைக் கரையில் ஒரு தடவை காட்டிப் பதிந்துகொண்டால் போதும்.

இதைச் சோதித்துப் பார்க்கத் தன் போனிலும் செம்மையைப் போட்டுவைத்திருந்தாள். அதனால் சொந்தக்காரர் கல்யாணத்தில் ஒரு கூத்து நடந்தது. மண்டபத்தின் ஓரங்களில் பச்சை விளக்கும், மேடை நடுவில் வெள்ளை விளக்கும் எரிந்தன. டெல்பின் எடுத்த அத்தனை படத்திலும் ஓரத்தில் நின்ற பொனி மாப்பிள்ளை மாதிரி லட்சணமாக இருந்தான். நடுவில் நின்ற மணப்பெண் தக்காளியாகச் சிவந்துபோயிருந்தாள். பெண் வீட்டார் படத்தைப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டார்கள்.

“யக்கா, ஒன் மெஷினுக்கு நாந்தான் சாமி” என்று பொனி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு மாதம் அலைந்தான். “ஒலகமே நெறம் மாறினாலும் நான் மாற மாட்டேன்.”

சிரித்தார்கள். எல்லாரும்தான் சிரித்தார்கள்.

அந்தச் சமயம் மன்னார் வளைகுடாவில் காற்றாலைத் தூண்கள் வரிசையாக முளைத்துவிட்டிருந்தன. தூண்களைச் சுரண்டிச் சுத்தம் செய்யவும் கம்பி மாட்டவும் நூற்றெண்பது பேர் தினமும் கடலுக்கடியில் இறங்கினார்கள். எல்லார் முதுகிலும் புதுவகை மூச்சுப்பெட்டி. விட்ட மூச்சையே சுத்தம் பண்ணி, கொஞ்சம் ஆக்ஸிஜன் சேர்த்துத் திருப்பித் தரும். குமிழி வராது, சத்தம் இல்லை, மணிக்கணக்கில் உள்ளே இருக்கலாம். ஒரே ஒரு சிக்கல். ஆக்ஸிஜன் குறைந்தால் மூச்சு முட்டாது. ஆளுக்கே தெரியாது. சந்தோஷமாக இருக்கும், அப்படியே கண்ணைச் செருகிக்கொண்டு போய்விடுவான். இரண்டு வருஷத்தில் ஆறு பேர் அப்படிப் போனார்கள்.

முக்குளிப்போர் பாதுகாப்பு வாரியத்தின் மருத்துவர் மெஹருன்னிசா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஆக்ஸிஜன் குறைந்தால் ஆளுக்குத் தெரியாவிட்டாலும் நகம் நீலமாகிவிடும். இத்தனை நாள் தண்ணீருக்குள் எல்லாமே நீலம், அதனால் பார்த்துப் பயனில்லை. இப்போதுதான் செம்மை இருக்கிறதே! ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை முக்குளிப்பவன் தன் கையைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். மேலே படகில் இருப்பவர் நகத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நீலம் தட்டினால் உடனே தூக்கிவிடலாம்.

எவ்வளவு நல்ல யோசனை! டெல்பினுக்கே கண் கலங்கிவிட்டது. தன் கருவி உயிர் காக்கப்போகிறது என்று வீட்டில் கேசரி கிண்டினாள். எடைக்கல்லையே தட்டில் வைத்து அதே கல்லால் நிறுக்கப்போகிறார்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. விதி எழுதின கைக்கே உறைக்கவில்லை என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன?

கடைசிச் சோதனை ஒரு வியாழக்கிழமை காலை. அதில் தேறிவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து நூற்றெண்பது பேருக்கும் செம்மை.

காலையிலிருந்தே டெல்பினுக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. படகில் இந்தப் பக்கம் போனாள், அந்தப் பக்கம் வந்தாள், தண்ணீர் குடித்தாள், குடித்ததை மறந்து மறுபடி குடித்தாள். படகோட்டி சூசை அண்ணன், “ஏம்மா, நீ நடக்கிற நடைக்குப் படகு இலங்கைக்கே போயிரும், உக்காரு தாயி” என்றார். திரைக்கு முன்னால் இளம்பரிதியும் டாக்டர் மெஹருன்னிசாவும் உட்கார்ந்திருந்தார்கள். பொனி மூச்சுப்பெட்டியை முதுகில் ஏற்றி, கேமராவை நெஞ்சில் மாட்டிக்கொண்டிருந்தான். கேமராவின் கம்பி அவன் இடுப்பு வளையத்தில் கொக்கி போட்டுப் படகுவரை வந்தது.

“யக்கா, எதுக்கும் வெள்ளைப் பலகைய எடுத்துட்டுப் போகவா?” என்று கேட்டான்.

“தொலைக்கிறதுக்கா?”

“இல்லக்கா, ஒரு இதுக்குத்தான்.”

“ஒங் கை இருக்கையில பலகை எதுக்குல? போ, போய்ச் சேரு.”

போய்ச் சேரு என்று சொல்லியிருக்கக் கூடாது. வாயிலிருந்து வந்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் அதற்குள் குதித்துவிட்டான்.

முதல் ஐந்து நிமிஷம் படம் சும்மா சொல்லக்கூடாது, அருமையாக இருந்தது. பொனியின் கை திரையில் விரிந்தது. இளம் சிவப்பு உள்ளங்கை, திருப்பிக் காட்டினான், சுத்தமான நகங்கள். டாக்டர் குறித்துக்கொண்டார். பத்தாம் நிமிஷமும் அதேபோல. நிறம் முன்னைவிட இன்னும் எடுப்பாக இருந்தது. பதினைந்தாம் நிமிஷம் கை காட்டியபோது இளம்பரிதி கையைத் தட்டினான்.

“மேடம், இந்த மாதிரி நிறம் நாம இதுவரைக்கும் எடுத்ததே இல்ல. மணலைப் பாருங்க, ரோஸா இருக்கு!”

“பொனி சந்தோஷமா இருக்கார் போல” என்று டாக்டர் சிரித்தார். பொனி கேமரா முன்னால் விரல்களை ஆட்டி ஆட்டிக் காட்டினான், கச்சேரியில் தாளம் போடுகிறவன் மாதிரி.

டெல்பினுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை. படத்தில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. பதினைந்து வருஷமாக இந்த நிறத்துக்குத்தானே தவம் கிடந்தாள்? வந்துவிட்டது, அப்புறம் என்ன? எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

இருபதாம் நிமிஷம். கை விரிந்தது. நகம் பளிச்சென்று இருந்தது. கை விலகியதும் அதற்குப் பின்னால் மான்கொம்புப் பவளத்தின் புதர் ஒன்று தெரிந்தது. கிளை கிளையாக, ரோஜா நிறத்தில்.

இளம்பரிதி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். “பவளத்துக்கு உயிர் வந்துருச்சு மேடம்! போன மாசச் சூட்டுல வெளுத்துப் போச்சுன்னு சொன்னீங்களே, பாருங்க, திரும்பிருச்சு!”

“அது செத்துப்போச்சு” என்றாள் டெல்பின்.

“என்னது?”

“அது செத்துப்போன பவளம். போன வாரம் நானே எறங்கித் தொட்டுப் பாத்தேன். சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கெடந்துது. செத்தது ஒரு வாரத்துல எப்படிங்க செவக்கும்?”

டெல்பின் திரையின் மூலையைப் பார்த்தாள். கருவி எவ்வளவு சிவப்பைக் கூட்டுகிறது என்று அங்கே ஒரு சின்ன எண் ஓடும். அதைப் பார்க்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இறங்கியபோது நாற்பது இருந்தது. இப்போது எழுபத்தொன்று.

ஆழம் மாறவில்லை. தண்ணீர் மாறவில்லை. வெயில் ஏறியதே தவிர இறங்கவில்லை. அப்படியிருக்க எதற்கு இத்தனை சிவப்பு? கருவி எதைச் சரிபண்ணப் பார்க்கிறது?

அவள் கம்பியை நோக்கிப் பாய்ந்தாள்.

“தூக்குங்க! சூசையண்ணே, கம்பியப் புடிங்க, பொனியத் தூக்குங்க!”

“ஏன்? என்ன ஆச்சு?” டாக்டர் திரையைக் காட்டினார். “நல்லா இருக்காரே. நகத்தைப் பாருங்கம்மா, என் நகத்தைவிட நல்லா இருக்கு.”

பொனி மறுபடி கையைக் காட்டிக்கொண்டிருந்தான், யாரும் கேட்காமலே. ஆரோக்கியமான, அழகான கை. திரையில் அதைவிட நல்ல கையைப் பார்க்கவே முடியாது.

“இன்னும் இருபது நிமிஷம் இருக்கு” என்றான் இளம்பரிதி. “கம்பியை இழுத்தா அறுந்துரும், சோதனை பாழாயிரும். அவர் நல்லா இருக்கார்னு கண்ணுக்கு முன்னால தெரியுதில்ல?”

“அவன் கை நல்லாத்தான் தெரியும்! செத்தாலும் நல்லாத்தான் தெரியும்! நான் அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன்!”

கத்திக்கொண்டே கம்பியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டாள். சூசை அண்ணன் ஒரு கேள்வி கேட்கவில்லை. வந்து அவள் பின்னால் நின்று இழுத்தார். நல்லவேளை, கம்பி தாங்கியது. திரையில் பவளமும் மணலும் சுழன்று கீழே போயின; போகிறபோதும் ஒரு சிவந்த கை எதற்கோ தாளம் போட்டபடி இருந்தது. பாதி வழியில் அது நின்றுவிட்டது.

மேலே வந்த கை நீலம்கூட இல்லை. கறுத்திருந்தது. உதடு நாவல்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. மூச்சுப்பெட்டியின் ஆக்ஸிஜன் முள் ‘சரி’ என்ற இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. வாயிலிருந்து குழாய் நழுவி உப்புத்தண்ணீர் உள்ளே போயிருந்தது. டாக்டர் அவன்மேல் பாய்ந்து நெஞ்சை அழுத்தினார். எண்ணி எண்ணி அழுத்தினார். கரை வருவதற்குள் ஒரு இருமல் வந்தது. அந்த இருமலைக் கேட்டதும் டெல்பின் படகின் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பொனியைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். பேசினான், கஞ்சி குடித்தான். அடையாளம் தெரிந்தது, பெயர் சொன்னான். டாக்டர் மெஹருன்னிசா தினமும் வந்து பார்த்தார். “பெரிய கண்டம் தாண்டிட்டார். ஆனா நுரையீரல்ல உப்புத்தண்ணி போயிருக்கு. ரெண்டு மூணு நாள் கழிச்சுக்கூட மூச்சு அடைக்கலாம். உதட்டையும் நகத்தையும் பாத்துட்டே இருங்க” என்று சொல்லியிருந்தார். விரலில் ஆக்ஸிஜன் அளக்கிற ஒரு கிளிப் மாட்டியிருந்தார்கள். அது சும்மாச் சும்மா கூவுகிறது என்று பொனி அதைக் கழற்றித் தலையணைக்கடியில் போட்டுவைப்பான், நர்ஸ் வந்து திட்டிவிட்டு மாட்டுவாள்.

டெல்பின் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். அவளுக்குத் தூக்கம் எங்கே வந்தது?

சாயங்காலம் இளம்பரிதி ஒரு கூடைப் பழத்தோடு வந்தான். முகம் கொஞ்சம் வாடியிருந்தாலும் பேச்சில் வேகம் குறையவில்லை.

“படங்க ஊரெல்லாம் போயிருச்சு. செத்த பவளம் பிழைச்சதுன்னு ஆளாளுக்குக் கொண்டாடுறாங்க” என்றான். “வாரியம் அறிக்கை கேக்குது. மூச்சுப்பெட்டி முள் ஒட்டிக்கிச்சு, அதான் காரணம். நிறக் கருவியில எந்தக் குறையும் இல்லைன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“படகுல நான் கத்துனது ஒங்க காதுல விழலையா?”

“பதற்றத்துல ஏதோ சொன்னீங்க. அதையெல்லாம் யாரும் மனசுல வச்சுக்கல.” குரலைத் தாழ்த்தினான். “டெல்பின், அந்த விதியைப் பத்தி இப்பதான் நானும் பாத்தேன். அதை எழுதினது நீங்க. வெளிய வந்தா கேஸ் ஒங்க மேலதான் வரும். அடுத்த வருஷம் மெதுவா மாத்திக்கலாம். இப்ப எதுக்கு?”

“ஒண்ணாந்தேதி நூத்தெம்பது பேரு எறங்குதாங்களே.”

“எல்லார் பெட்டியும் ஒட்டிக்குமா என்ன?”

காகிதத்தையும் பேனாவையும் அவள் மடியில் வைத்துவிட்டு, காலையில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டான்.

டெல்பின் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தைரியசாலி என்று பெயர் எடுத்தவள்தான். ஆனால் போலீஸ், கோர்ட், பத்திரிகை என்று நினைத்தபோது உள்ளங்கால் வியர்த்தது. தம்பிதான் பிழைத்துவிட்டானே, அப்புறம் எதற்கு வம்பு என்று ஒரு மனசு சொன்னது. தூ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று இன்னொரு மனசு கேட்டது. பேனாவை எடுத்து ‘டெ’ என்று எழுதினாள். அதற்குமேல் கை ஓடவில்லை.

அப்போது போனில் வீடியோ அழைப்பு வந்தது. அம்மா. தங்கச்சியின் பிரசவத்துக்காக மும்பை போயிருந்தவள், விஷயம் தெரிந்த நாளிலிருந்து மணிக்கொரு தடவை கூப்பிடுகிறாள்.

டெல்பின் கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தானும் பின்னால் படுத்திருந்த பொனியும் சேர்ந்து தெரிகிற மாதிரி போனை உயர்த்திப் பிடித்தாள்.

“ஏட்டி, அவன் என்ன செய்யுதான்?”

“தூங்குதாம்மா. இப்பதான் கண்ணு அசந்தான்.”

“கிட்டக் காட்டு பாப்போம். மாதாவே! நேத்துக்கு இன்னைக்கு எவ்வளவு தெளிஞ்சிட்டான்! கன்னத்துல ரத்தம் ஓடுதுலா. ஒதடு பாரு, புள்ள ஒதடு மாதிரி இருக்கு.”

டெல்பினும் திரையில் பார்த்தாள். வாஸ்தவந்தான். தம்பியின் முகம் அத்தனை களையாக இருந்தது. மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

“எல்லாம் மாதா புண்ணியம்” என்ற அம்மா சட்டென்று நிறுத்தினாள். “நீ ஏன்ட்டி இப்படி இருக்க?”

“எப்படி இருக்கேன்?”

“மூஞ்சியெல்லாம் செக்கச்செவேல்னு இருக்கு. அழுதியா?”

“இல்லம்மா. வெளிய வெயில்ல போயிட்டு வந்தேன்.”

“போட்டி. வெயில்ல போனா நம்ம மூஞ்சி கறுக்கும். செவக்குமா? அழுதுருக்க, எங்கிட்ட மறைக்க. இது என்ன புதுச் சட்டையா? ரோஸ் நல்லாருக்கு ஒனக்கு.”

டெல்பின் குனிந்து பார்த்தாள். வெள்ளைச் சட்டை. காலையில் தானே துவைத்துப் போட்ட வெள்ளைச் சட்டை. திரையைப் பார்த்தாள். ரோஸ். பின்னால் ஆஸ்பத்திரிச் சுவர் ரோஸ். தன் முகம் கல்யாண மண்டபத்து மணப்பெண் மாதிரி, தக்காளியாக.

போன். செம்மை. போனில் போட்டதை எடுக்கவே இல்லை.

திரும்பினாள்.

பொனியின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது, ஐந்து நகமும் கறுத்து. கிளிப் தலையணைக்கடியில் கிடந்தது. நெஞ்சு ஏறுகிறதா என்றுகூடத் தெரியவில்லை.

“நர்ஸ்! நர்ஸம்மா! யாராவது வாங்களேன்!”

வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டு நர்ஸ்கள் ஓடிவந்தார்கள், பின்னால் டாக்டர் ஒருவர், தள்ளுவண்டி, சிலிண்டர். டெல்பினைச் சுவரோரமாகத் தள்ளினார்கள். மடியிலிருந்த காகிதம் விழுந்து எல்லார் காலடியிலும் மிதிபட்டது.

“எவ்வளவு நேரமா இப்படி இருக்கார்? பக்கத்துல இருந்து யார் பாத்துட்டிருந்தது?” என்று டாக்டர் அதட்டினார்.

“நாந்தான். நான் அவனைப் பாக்கல. போன்ல பாத்தேன். கருவி பொய் சொல்லுது, அதைச் செஞ்சது நாந்தான். எங்க வேணாலும் வந்து சொல்லுதேன், என்ன வேணாலும் செய்ங்க. அவன மட்டும் காப்பாத்துங்க.”

அவர்களுக்கு அதைக் கேட்க நேரமில்லை. பொனியின் முகத்தில் ஆக்ஸிஜன் மூடியை அழுத்தினார்கள், குழாய் போட்டார்கள், சளி உறிஞ்சினார்கள். அவளால் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். கையில் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏட்டி, டெல்பின்! என்ன சத்தம்? எதுக்கு எல்லாரும் ஓடுதாங்க? அவன் நல்லாத்தான இருக்கான்? எனக்குத் தெரியுதே!”

தெரியத்தான் செய்யும். வெள்ளைக் கோட்டுகளின் இடுக்கில் தொங்கிய பொனியின் ஒற்றைக் கை திரையின் ஓரத்தில் தெரிந்தது. ஜம்மென்று, இளம் சிவப்பாக.

டெல்பின் அந்தக் கையைப் பார்க்கவில்லை. திரையில் தன் முகத்தைப் பார்த்தாள். ரத்தம் குழைத்துப் பூசியதுபோல் இருந்தது. அவன் கையின் நீலம் இறங்கினால்தான் இந்தச் சிவப்பு இறங்கும். மாறு, மாறிரு என்று வாய்க்குள்ளேயே கெஞ்சினாள். மாறவில்லை. பின்னால் யாரோ, “இன்னும் கூட்டு, ஆக்ஸிஜனைக் கூட்டு” என்றார்கள். சிலிண்டர் சீறியது. அம்மா செபமாலை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். முகம் அப்படியே இருந்தது. ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ முடிந்தது. இன்னொன்று முடிந்தது.

மூன்றாவதில் சுவரின் ரோஸ் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. பிரமையோ என்று கண்ணைக் கசக்கிக்கொண்டாள். இல்லை, சுவர் வெளுத்துக்கொண்டுதான் வந்தது. சட்டை வெளுத்தது. கன்னத்துச் சிவப்பு நெற்றியிலிருந்து இறங்கி, மெல்ல மெல்லக் கரைந்து, பதினைந்து வருஷம் உப்பிலும் வெயிலிலும் காய்ந்த அவளுடைய சொந்தக் கறுப்பு திரும்பி வந்தது. அவள் முகம் அவ்வளவு அழகாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

பின்னால் பொனி இருமினான்.

அம்மா செபத்தை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தாள். “இப்பதான்ட்டி ஒம் மூஞ்சி ஒம் மூஞ்சியா இருக்கு” என்றாள். “சரி, அதான் தெளிஞ்சிட்டேல்லா? இப்ப எதுக்குட்டி அழுத?”